ஆணையா, ஆசையா? படையில் புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும் எல்லோரும் விசாரிப்பது ஓட்டம், தண்டால், லீவு, சம்பளம். சேருவது பெண் என்றால் வீட்டில் இன்னொரு கவலையும் ஓடும். அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆண் என்றால் அந்தக் கவலை ஒருவருக்கும் தோன்றுவதே இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2018ஆம் ஆண்டுக்குப் போட்ட மதிப்பீட்டில், அந்த ஓராண்டில் பாலியல் தாக்குதலுக்கு ஆளான படையினர் ஏறத்தாழ 20,500 பேர். அதில் சுமார் 7,500 பேர் ஆண்கள். நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் பெண்களுக்குத்தான் ஆபத்து பல மடங்கு அதிகம். ஆனால் படையில் ஆண்கள் நிறைய இருப்பதால் அவர்கள் எண்ணிக்கையும் சிறியதாக இல்லை. எனவே இது இருபாலருக்குமான கட்டுரை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவறு செய்பவன்தான் தவறுக்குப் பொறுப்பு. கீழே வரும் எதையாவது நீங்கள் செய்யாமல் விட்டிருந்தால், நடந்தது உங்கள் குற்றம் ஆகிவிடாது. இவை கையில் இருந்தால் உதவும், அவ்வளவுதான்.

படை ஏன் மற்ற வேலையிடங்களைப் போல இல்லை? அலுவலகத்தில் மேலாளர் தொல்லை கொடுத்தால் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம், தாங்காவிட்டால் வேலையை விடலாம். பயிற்சி முகாமில் இரண்டும் முடியாது. நீங்கள் எப்போது தூங்குவது, எப்போது சாப்பிடுவது, வெளியே போக அனுமதி உண்டா, தேர்வில் தேறினீர்களா என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் முடிவு செய்வார். பக்கத்துக் கட்டிலில் படுப்பவரும் உடன் வேலை செய்பவரும் ஒருவரே. அதற்கு மேல், முதல் நாளிலிருந்தே சொல்லித்தருவது ‘கேள்வி கேட்காமல் செய்’ என்பதை. போர்க்களத்துக்கு இது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கெட்ட எண்ணம் உள்ளவனுக்கும் இதே ஏற்பாடு வசதியாக அமைந்துவிடுகிறது.

சேருவதற்கு முன்

உங்கள் படையின் விதிகளில் மூன்றை மட்டும் தேடிப் படித்துவிடுங்கள். பயிற்றுநருக்கும் பயிற்சி பெறுபவருக்கும் நடுவே எந்த உறவு தடை செய்யப்பட்டிருக்கிறது? தொல்லை நடந்தால் புகாரை யார் வாங்குவார், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும்? உங்கள் யூனிட்டின் கட்டளை வரிசைக்கு, அதாவது உங்களுக்கு மேலே ஒருவருக்கு மேல் ஒருவராக ஆணையிடும் அதிகாரிகளுக்கு, வெளியே புகார் வாங்குபவர் யாராவது உண்டா?

முதல் கேள்விக்குப் பதில் பல படைகளில் இப்போது கறாராக இருக்கிறது. பிரிட்டன் 2022இல் பயிற்றுநர், பயிற்சி பெறுபவர் இடையே பாலியல் உறவை முற்றாகத் தடை செய்தது. அமெரிக்க இராணுவ நீதிச் சட்டத்தில் 93ஏ என்ற பிரிவு 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. பயிற்றுநரோ ஆள்சேர்ப்பு அதிகாரியோ தன் பொறுப்பில் இருக்கும் புதியவருடன் பாலியல் தொடர்பு வைத்தால் அது குற்றம். ‘அவர் சம்மதித்தார்’ என்ற வாதம் அங்கே செல்லாது. இதைப் படிக்கும்போது ‘சம்மதம் இருந்தாலுமா?’ என்று தோன்றலாம். ஆமாம், இருந்தாலும்தான். உங்கள் தேர்ச்சிப் பட்டியலில் கையெழுத்துப் போடுபவரிடம் ‘முடியாது’ என்று சொல்ல உங்களால் எந்த அளவுக்கு முடியும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வியில் நாள் கணக்கைக் கவனியுங்கள். இந்தியாவின் 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைச் சட்டப்படி, பெண் ஒருவர் பணியிடத்திலேயே அமைக்கப்படும் உள் புகார்க் குழுவிடம், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். இப்படிக் கெடு இருப்பது தெரியாமல் ‘பயிற்சி முடியட்டும், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஆணையா, ஆசையா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். சீருடையும் ரேங்க்கும் உள்ள ஒருவர் சொல்வதெல்லாம் ஆணை ஆகிவிடாது. ஆணைக்கு ஒரு வேலை இருக்கும். ஒருவரின் சொந்த ஆசை ஆணையின் குரலில் வரும்போது அதைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

சந்தேகம் வந்தால் மனதுக்குள் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இது எந்த வேலைக்காக? இதையே அணிவகுப்பில் எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்வாரா? என் பேட்ச்சில் வேறு யாரை அனுப்பினாலும் இந்த வேலை நடக்குமா? ‘ஸ்டோரிலிருந்து பத்து ஹெல்மெட் எடுத்து வா’ என்றால் மூன்றுக்கும் பதில் நேராக வரும். ‘இரவு பத்து மணிக்கு நீ மட்டும் என் அறைக்கு வந்து ஃபைலைக் கொடு’ என்றால் ஃபைல் என்ற சொல்லைத் தவிர அதில் வேலையே இல்லை.

பெரும்பாலும் இது அப்படிப் பட்டென்று தொடங்குவதும் இல்லை. முதலில் ஒரு சலுகை வரும். எல்லோர் போனும் பூட்டி வைக்கப்பட்டிருக்கும்போது உங்களுக்கு மட்டும் ஐந்து நிமிடம் வீட்டுக்குப் பேச அனுமதி. எல்லோரும் தண்டனை ஓட்டம் ஓட, உங்களுக்கு மட்டும் நிழலில் ஒரு வேலை. அப்புறம் ‘இது நமக்குள் இருக்கட்டும்’. இந்த மூன்றாவது படிதான் ஆபத்து. ரகசியம் என்று வந்துவிட்டால், விதியை மீறியது நீங்களும்தான் என்று உங்களை நம்பவைத்துவிடலாம். பிறகு வாயைத் திறக்கவே பயமாக இருக்கும். ஆகவே சலுகை கிடைத்த அன்றே பேட்ச்சில் ஒருவரிடமாவது, ‘எனக்கு இன்று போன் கொடுத்தார்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். நல்ல எண்ணத்தில் கொடுத்திருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மறுப்பதற்கும் படையின் மொழியிலேயே வழி இருக்கிறது. முகத்துக்கு நேரே ‘வர மாட்டேன்’ என்று சொல்லும் துணிவு எல்லோருக்கும் வராது. முதல் மாதத்தில் யாருக்கும் வராது என்றே வைத்துக்கொள்ளலாம். ‘சார், கூட ஒருவரை அழைத்து வருகிறேன்.’ ‘சார், டியூட்டி பதிவேட்டில் எழுதிவிட்டு வருகிறேன்.’ உண்மையான வேலையாக இருந்தால் ‘சரி, சீக்கிரம் வா’ என்பார். வேறு நோக்கம் என்றால் அந்த இடத்திலேயே கோபம் வரும், அல்லது வேலை திடீரென்று அவசியமில்லாமல் போகும். அந்தக் கோபத்தைக் குறித்து வையுங்கள்.

இதெல்லாம் கற்பனைப் பயம் அல்ல. 1996இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அபர்தீன் பயிற்சித் தளத்தில் டிரில் சார்ஜென்ட்டுகள் எனப்படும் பயிற்றுநர்கள் பயிற்சிக்கு வந்த பெண்களைச் சீரழித்தது வெளியே வந்தது. மறுஆண்டு ஒருவருக்கு 25 ஆண்டு சிறை கிடைத்தது. அதன் பிறகும் டெக்சாஸில் லாக்லேண்ட் விமானப்படைத் தளத்தில் அதே கதை நடந்தது. 2012இல் ஒரு பயிற்றுநருக்கு 20 ஆண்டு சிறை. இரண்டு இடத்திலும் ஆளானவர்கள் உங்களைப் போலப் பயிற்சியில் இருந்த புதியவர்கள். ‘அவள் ஏன் கத்தவில்லை, ஏன் எதிர்க்கவில்லை?’ என்று கேட்பவர்கள் உண்டு. அதிர்ச்சியில் உடல் உறைந்துபோவது இயல்பு. அதிலும், அசையாமல் நில் என்று பல வாரமாகக் கட்டளையிட்ட அதே குரல் எதிரே நிற்கும்போது அந்த உடல் என்ன செய்யும்?

முதல் வாரம்

பாக்கெட் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி மூன்று பெயர் எழுதுங்கள். யூனிட்டுக்குள் நீங்கள் நம்பும் ஒரு மேலதிகாரி, கட்டளை வரிசைக்கு வெளியே புகார் வாங்கும் அலுவலர் அல்லது குழு, முகாம் மருத்துவர். வீட்டில் ஒருவரின் எண்ணையும், உதவி எண் இருந்தால் அதையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். போனில் சேமித்து வைத்தால் போதாதா என்றால், முதல் சில வாரம் போன் உங்கள் கையில் இருக்காது.

வீட்டாருடன் ஒரு குறிச்சொல்லும் பேசி வைத்துக்கொள்ளலாம். பேசும்போது பக்கத்தில் ஆள் நிற்பார்கள். வழக்கமாகக் கேட்காத ஏதாவது ஒன்றைக் கேட்டால் ‘இங்கே சரியில்லை, மேலே விசாரியுங்கள்’ என்று பொருள் வைத்துக்கொள்வது பலருக்குக் கைகொடுக்கும்.

தங்குமிடம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கழிப்பறை, குளியலறைத் தாழ்ப்பாள் வேலை செய்யாவிட்டால் பழுதுப் பதிவேட்டில் எழுதிக் கேளுங்கள். உடை மாற்றும் இடத்தில் யார் போனை நீட்டினாலும் அது விளையாட்டு இல்லை. புதியவர்களை ‘வரவேற்கும் சடங்கு’ என்று துணியைக் களையச் சொல்வது, அந்தரங்கத்தில் கை வைப்பது, அதைப் படம் பிடிப்பது எல்லாம் பாலியல் தாக்குதல்தான். ஆண்கள் பாரக்கில் இதை ரேகிங் என்ற ஒரு சொல்லில் மூடிவிடுவார்கள். நடந்தவனுக்கே அதற்கு வேறு பெயர் இருக்கிறது என்று பல ஆண்டு கழித்துத்தான் தெரியவரும்.

உங்கள் கை, உங்கள் வாய்

இதுவரை படித்தபோது உங்களை ஆபத்தில் இருப்பவராகவே நினைத்திருப்பீர்கள். மறுபக்கத்தில் நிற்கும் நாளும் வரலாம். ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவர் ஆறு மாதம் பின்னால் வந்தவருக்கு சீனியர்.

பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது. குடித்து நிதானம் இழந்தவரால், தூங்குபவரால் சம்மதம் தர முடியாது. நேற்று சரி என்றவர் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உங்களைவிடக் கீழ் நிலையில் இருப்பவர் சிரித்தால், அது விருப்பமா, ‘எஸ் சார்’ என்பதன் இன்னொரு வடிவமா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. எனவே உங்கள் பொறுப்பில் இருப்பவரிடம் அந்தப் பேச்சே வேண்டாம். குடி பற்றி ஒரு வரி: ‘போதையில் செய்துவிட்டேன்’ என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது.

போன் குழுவில் வந்த அந்தரங்கப் படத்தைப் பரப்பிவிட்டு ‘நான் எடுக்கவில்லையே, அனுப்பத்தானே செய்தேன்’ என்பவர்களுக்கு: அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் நடத்திய ‘மரைன்ஸ் யுனைடெட்’ என்ற ஃபேஸ்புக் குழுவில் உடன் பணியாற்றும் பெண்களின் அந்தரங்கப் படங்கள் பகிரப்பட்டது 2017இல் அம்பலமானது. குழுவில் ஏறத்தாழ 30,000 பேர் இருந்தார்கள். அதே ஆண்டு முடிவதற்குள், சம்மதம் இல்லாமல் அந்தரங்கப் படத்தைப் பரப்புவதை இராணுவச் சட்டத்திலேயே தனிக் குற்றமாகச் சேர்த்துவிட்டார்கள்.

பக்கத்தில் நிற்பவர்

ஜப்பான் தரைப்படையில் சேர்ந்த ரினா கோனோய் என்ற இளம்பெண்ணை, 2021 ஆகஸ்டில் பயிற்சிக்காகத் தங்கியிருந்த இடத்தில் சக வீரர்கள் மூவர் கட்டிலில் தள்ளி அத்துமீறினார்கள். அறையில் மற்றவர்களும் இருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். அவர் புகார் கொடுத்தபோது, பார்த்தேன் என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. சாட்சி போதாது என்று வழக்கும் நின்றது. அவர் 2022 ஜூனில் படையை விட்டு வெளியேறி, முகத்தை மறைக்காமல் பொதுவெளியில் பேசினார். அதன் பிறகுதான் மறுவிசாரணை நடந்தது, படைத் தலைமை மன்னிப்புக் கேட்டது. 2023 டிசம்பரில் ஃபுகுஷிமா நீதிமன்றம் மூவரையும் குற்றவாளிகள் என்றது. அந்த அறையில் இருந்த ஒருவர் அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால், ஒரு பெண் தன் முகத்தையும் பெயரையும் நாட்டுக்கே கொடுத்து நியாயம் தேடியிருக்க வேண்டியதில்லை.

நீங்கள் அந்த அறையில் இருந்தால்? கடைசி ரேங்க்கில் இருந்துகொண்டு சினிமா நாயகன் போலக் குறுக்கே பாய வேண்டாம். போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். அதுவே பல சமயம் போதும். சம்பந்தப்பட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘வா, ரோல்கால் நேரம் ஆகிவிட்டது’ என்று வெளியே கூட்டி வாருங்கள். லைட்டைப் போடுங்கள். இன்னும் இருவரை அழைத்துக்கொள்ளுங்கள். ‘உங்களை அதிகாரி கூப்பிடுகிறார்’ என்று பொய் சொல்லிக் கலைப்பதைச் சிலர் யோசனையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மறுநாள் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு உங்கள் சாட்சியத்தையே உடைத்துவிடுவார்கள்.

அன்று இரவே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், காதில் விழுந்த சொற்கள் அப்படியே. உங்கள் கருத்து வேண்டாம். அப்புறம் பாதிக்கப்பட்டவரிடம் தனியாக, ‘நான் பார்த்தேன். நீ என்ன செய்ய நினைத்தாலும் நான் சொல்லத் தயார்’ என்று சொல்லுங்கள். ‘உடனே புகார் கொடு’ என்று நெருக்காதீர்கள். அந்த முடிவு அவருடையது.

நடந்துவிட்டால்

முதலில் பாதுகாப்பான இடம், நம்பிக்கையான ஓர் ஆள். அதற்குப் பிறகு மருத்துவர். குளிக்க வேண்டும் என்றுதான் உடனே தோன்றும். முடிந்தால் குளிக்காமல், பல் துலக்காமல், உடை மாற்றாமல் போங்கள். மாற்றியாகிவிட்டது என்றால் அந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போவதை நிறுத்தாதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள் வரை இடம் உண்டு, ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போனில் வந்த செய்திகளை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

யாரிடம் முதலில் சொல்கிறீர்கள் என்பது, பிறகு என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிக்கலாம். அமெரிக்கப் படையில் இரண்டு வகைப் புகார் உண்டு. ஒன்றில் மருத்துவமும் ஆலோசனையும் வழக்கறிஞரும் கிடைப்பார்கள், உங்கள் பெயர் தளபதிக்குப் போகாது, விசாரணையும் தொடங்காது. மற்றதில் விசாரணை தொடங்கிவிடும். முதல் வகையில் தொடங்கிப் பிறகு இரண்டாவதுக்கு மாறலாம், திரும்பி வர முடியாது. கனடாவில் வேறு அனுபவம். விஷயம் தெரியவந்த படையினர் எல்லோரும் கட்டாயம் மேலே சொல்லியாக வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். தோழியிடம் அழுதவரின் விஷயம் அவர் கேட்காமலே விசாரணையாக மாறியது. அந்தக் கட்டாயத்தை 2024இல் நீக்கினார்கள். ஆகவே உங்கள் கதையைச் சொல்வதற்கு முன், எதிரே இருப்பவரிடம் ஒரு கேள்வி: ‘நான் சொல்வதை நீங்கள் யாரிடமாவது சொல்லியாக வேண்டுமா?’ அவர் பதிலைக் கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

புகார் கொடுப்பதென்று முடிவு செய்தால் எழுத்தில் கொடுங்கள். தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, நகலை முகாமுக்கு வெளியே வையுங்கள். டெக்சாஸில் ஃபோர்ட் ஹூட் தளத்தில் 2020இல் கொல்லப்பட்ட வனெசா கியென் என்ற 20 வயதுப் பெண், மேலதிகாரி ஒருவரால் தொல்லைக்கு ஆளானதும், அது யூனிட் பொறுப்பாளர்கள் காதுக்குப் போயும் அவர்கள் நடவடிக்கை எடுக்காததும் பின்னர் இராணுவ விசாரணையில் தெரியவந்தது. எழுத்தில் கொடுத்த புகாரை மறைப்பது, வாயால் சொன்னதை மறைப்பதைவிடக் கொஞ்சம் கடினம். கொஞ்சம்தான். அவர் மரணத்துக்குப் பிறகு எழுந்த போராட்டத்தின் விளைவாக, இப்படிப்பட்ட வழக்கைத் தொடுக்கும் முடிவு 2023 டிசம்பர் முதல் தளபதிகள் கையிலிருந்து அவர்களுக்குக் கீழ்ப்படாத தனி இராணுவ வழக்கறிஞர்களுக்குப் போனது.

புகாருக்குப் பிறகு ‘சமாதானமாகப் போய்விடலாமே, அவருக்குக் குடும்பம் இருக்கிறது’ என்று ஆள் வரும். தென்கொரிய விமானப்படையில் 2021இல் ஒரு பெண் சார்ஜென்ட்டுக்கு நடந்ததும் இதுதான். சக வீரரின் அத்துமீறலைப் புகார் செய்தார், சமரசம் செய்துகொள்ளச் சொல்லி நெருக்கினார்கள், மூன்று மாதம் ஆவதற்குள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். விமானப்படைத் தலைவர் பதவி விலகினார். 2022 ஜூலை முதல் அங்கே படையினர் மீதான பாலியல் குற்ற வழக்குகள் பொது நீதிமன்றத்துக்குப் போகின்றன. சமரசம் பேச வருபவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். திடீர் இடமாற்றம், குறைந்த மதிப்பெண், யாரும் பேசாமல் ஒதுக்குவது எல்லாம் அதே பக்கத்தில் ஏறட்டும். பழிவாங்கலுக்குத் தனியாகப் புகார் கொடுக்கலாம். தனியாக இருக்க முடியாத அளவுக்கு மனம் கனத்தால், அந்த நொடியே மருத்துவரிடமோ வீட்டிலோ சொல்லிவிடுங்கள். வழக்கு காத்திருக்கும்.

வெளியே பணிக்குப் போகும்போது

அமைதிப் படை, பேரிடர் பணி என்று போனால், ரேங்க் இல்லாமலே நீங்கள் அதிகாரி ஆகிவிடுவீர்கள். பசியில் நிற்பவர் முன் உணவுப் பொட்டலத்தோடு நிற்பவருக்கு வேறு ரேங்க் தேவையில்லை. ஐ.நா. 2003இல் வெளியிட்ட விதி, பணத்துக்கோ உணவுக்கோ உதவிக்கோ மாற்றாகப் பாலுறவைத் தடை செய்கிறது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் உள்ளூர்ச் சட்டம் என்ன சொன்னாலும் தடை. ‘வயது தெரியவில்லை’ என்பதும் அங்கே சாக்கு அல்ல. 2007இல் ஹெய்ட்டியிலிருந்து இலங்கைப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் இத்தகைய குற்றச்சாட்டில்தான் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

நோட்டில் எழுதிய அந்த மூன்று பெயரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். படையில் யாரும் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை, அவர்களில் ஒருவராவது மாற்றலாகிப் போயிருப்பார். புதிய பேட்ச் வந்து இறங்கும் நாளில், அவர்கள் போன் பூட்டப்படுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைக் காட்டி எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.